வெள்ளம் வேறு, அனர்த்தம் வேறு



மாரி நெருங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் நமது வாட்ஸ்அப் குழுக்களில் "அனர்த்தம் வருகிறது, எல்லோரும் அவதானம்" என்ற செய்தி சுற்றத் தொடங்கும். மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு படமும் கூடவே வரும். அதற்கு முன் சில சொற்களைப் பற்றிப் பேசிவிட விரும்புகிறேன். சேர் இங்கேயும் பாடம் எடுக்க வந்துவிட்டார் என்று சிரிப்பவர்கள் சிரியுங்கள், ஆனால் வாசித்துவிட்டுச் சிரியுங்கள்.

மழைக்கும் அனர்த்தம் என்கிறோம், வெள்ளத்துக்கும் அனர்த்தம் என்கிறோம், வீடு இடிந்தாலும் ஆள் மௌத்தானாலும் அதே சொல்தான். பரீட்சைத் தாளில் பிள்ளைகளும் அப்படித்தான் எழுதுகிறார்கள். இது வெறும் சொல் பிழை என்றால் நான் இவ்வளவு தூரம் எழத மாட்டேன். எல்லாவற்றையும் ஒரே சொல்லில் கட்டிவிட்டால், அதில் நமது கையில் இருக்கும் பங்கு எது என்பது தெரியாமல் போய்விடுகிறது.

வெள்ளம், சூறாவளி, மண்சரிவு, கடற்கோள் இவையெல்லாம் ஆபத்துகள். ஆளில்லாத காட்டில் எவ்வளவு மழை கொட்டினாலும் அது அனர்த்தம் ஆகாது. அந்த மழை வந்து சேரும் இடத்தில் தாழ்நிலத்தை நிரப்பிக் கட்டிய வீடும், குப்பையால் அடைபட்ட தோணாவும், தனியாக எழுந்து நடக்க முடியாத ஒரு வாப்பாவும் இருந்தால், அது நமது பாதிப்புறுநிலை. இந்த இரண்டும் சந்தித்து, ஊர் தாங்க முடியாமல் குலைந்து போவதற்குப் பெயர்தான் அனர்த்தம். ஐ.நா. பொதுச்சபை 2017இல் ஏற்றுக்கொண்ட சொல்விளக்கமும் ஏறத்தாழ இதைத்தான் சொல்கிறது.

இடர் என்பது இன்னும் நடக்காதது, ஆனால் நடக்கக்கூடிய இழப்பு. இது மாரியில் மட்டும் வருவதல்ல. பங்குனி வெயிலில் தோணா வறண்டு கிடக்கும்போதும் அங்கேயேதான் இருக்கிறது. அப்போதுதான் அதைக் குறைக்கவும் முடியும். நாமோ கார்த்திகையில் தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகு முகத்துவாரத்தை வெட்டு, வெட்டு என்று ஓடித் திரிகிறோம். பிறகு உலர் உணவுப் பொதி கொடுக்கிறோம், படம் எடுக்கிறோம். நிவாரணம் நல்ல காரியம், நன்மையும் உண்டு. ஆனால் அது இடரை ஒரு அங்குலமும் குறைப்பதில்லை.

2024 நவம்பர் 26ஐ நம் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காரைதீவு – அம்பாறை வீதியில், மாவடிப்பள்ளியில், மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டது. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் குடும்பங்களுக்கு அல்லாஹ் பொறுமையைக் கொடுப்பானாக. ஆனால் அந்த வீதிக்கு மேலால் தண்ணீர் பாய்வது அன்று புதிதா? வயலுக்கு நடுவே போகும் அந்த வீதியை மாரி வெள்ளம் மூடுவது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். தண்ணீர் ஆபத்து. தண்ணீர் எந்த அளவைத் தாண்டினால் வீதியை மூடுவது, யார் மூடுவது, தூர ஊர்ப் பிள்ளைகளை எப்போது வீட்டுக்கு விடுவது, எப்போது விடுதியிலேயே வைத்துக்கொள்வது என்று முன்கூட்டியே ஒரு முடிவு இல்லாமல் இருந்தது பாதிப்புறுநிலை. முதலாவதை நம்மால் நிறுத்த முடியாது. இரண்டாவது ஒரு மஷூறாவில் முடிகிற விடயம்.

உயர்தரப் பரீட்சையையும் பாருங்கள். 2024இலும் வெள்ளத்தால் இடைநிறுத்தினார்கள், 2025இலும் புயலால் இடைநிறுத்தினார்கள். மழை தன் காலத்தில்தான் வந்தது. பரீட்சையை நவம்பரில் வைத்தது மனிதர்.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் சேர்" என்று சிலர் சொல்வார்கள். ஈமான் கொண்ட யாருக்கும் அதில் சந்தேகம் இல்லை. ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டதும் உமர் (ரழி) அவர்கள் வழியிலேயே திரும்பினார்கள். அந்தச் சம்பவத்தை நமக்கு மிம்பரிலேயே எத்தனையோ தடவை சொல்லித் தந்திருக்கிறார்கள்.

சரியான சொல் உயிரைக் காக்குமா என்று கேட்டால், காத்திருக்கிறது. சுமாத்திராவுக்குப் பக்கத்தில் சிமெலு என்றொரு தீவு. 1907இல் அங்கே கடல் பொங்கி ஏராளமானோர் இறந்தார்கள். அதன்பின் அவர்கள் "ஸ்மொங்" என்ற சொல்லைத் தாலாட்டிலும் கதையிலும் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதுதான் அதன் பொருள். 2004 டிசம்பர் 26இல் நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த அந்தத் தீவில் சுமார் 78,000 பேரில் மௌத்தானவர்கள் ஏழு பேர். நமக்கு அலை வந்துசேரச் சுமார் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. ஆனால் நம்மிடம் அந்தச் சொல் இருக்கவில்லை. உள்வாங்கிய கடலைப் பார்க்கப் போனவர்களும் நம்மில் இருந்தார்கள்.

அதேபோல 2012 ஏப்ரல் 11இல் சுனாமி எச்சரிக்கை வந்து நாம் ஓடினோம், அலை வரவில்லை. "சும்மா ஓட விட்டார்கள்" என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். எச்சரிக்கை என்பது இது கட்டாயம் நடக்கும் என்ற வாக்குறுதி அல்ல. நடந்தால் தப்புவதற்குத் தரப்படும் நேரம், அவ்வளவுதான்.

எச்சரிக்கையிலும் படிகள் உண்டு. மண்சரிவுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிறத்தில் அறிவிக்கிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாகுங்கள், சிவப்பு என்றால் வெளியேறுங்கள். கண்டி, மாவனல்லைப் பக்கம் உறவுகள் உள்ளவர்கள் இதை அவர்களுக்கும் சொல்லுங்கள். நம் ஊர் ஒலிபெருக்கியில் இந்த மூன்றும் "அவதானமாக இருங்கள்" என்ற ஒரே வாக்கியமாகிவிடுகிறது. அதைக் கேட்டு ஒருவர் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார், இன்னொருவர் மோட்டார் சைக்கிளில் வெள்ளம் பார்க்கப் போகிறார். இரண்டு பேரும் சொன்னபடிதான் அவதானமாக இருக்கிறார்கள்!

("பாதுகாப்பு" என்ற சொல்லுக்குத் தனியாக ஒரு பதிவு வேண்டும். 2019க்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டால் நமக்குச் சோதனைச் சாவடிதான் ஞாபகம் வருகிறது. வெள்ளத்தில் பிள்ளையைக் காப்பதற்கும் தமிழில் அதே சொல்தான்.)

பள்ளிவாசல் நிருவாகிகளிடம் என் வேண்டுகோள் இது. இந்த மாரிக்கு மூன்று தனித்தனி அறிவித்தல்களை இப்போதே எழுதி ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். எந்த ஒழுங்கை, எந்தப் பாடசாலைக்குப் போவது, எத்தனை மணிக்குள் என்பது ஒவ்வொன்றிலும் இருக்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கமும் இருக்கட்டும். நடக்க முடியாதவர்கள் இருக்கும் வீடுகளின் பட்டியலை எங்கள் பத்தாம் தர மாணவர்கள் கிராம உத்தியோகத்தருடன் சேர்ந்து எடுக்கத் தயார். வருகிற ஜும்ஆவுக்குப் பின் அரை மணித்தியாலம் தாருங்கள், நான் தாளும் பேனையும் கொண்டு வருகிறேன்.