காத்திருந்த காலமா அது?



சென்ற மாதம் ஒரு ஞாயிறு இரவு, விடுதி அறையில் நாங்கள் நால்வர் அமர்ந்து ‘மெக்ரே’ என்னும் பிரெஞ்சுத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தோம். ஜார்ஜ் சிமெனோன் எழுதிய துப்பறியும் கதைகளில் வரும் பாரிசு நகரக் காவல் அதிகாரியே மெக்ரே. எங்களில் எவருக்கும் பிரெஞ்சு தெரியாது. திரையின் அடியில் ஓடும் எழுத்துகளைப் படித்துக்கொண்டே பார்த்தோம். சிறிது நேரத்தில் நான் எழுத்துகளை மறந்துவிட்டேன். கனத்த உடல், தடித்த மேலங்கி, வாயில் புகைக்குழாய். அந்த மனிதர் பேசுவதைவிடக் கேட்பதே அதிகம். எதிரே அமர்ந்து ஒருவன் பொய் சொல்கிறான். இவர் மறுக்கவில்லை, மேசையைத் தட்டவில்லை, பார்த்துக்கொண்டே இருக்கிறார். பொய் தானாகக் களைத்துப் போகிறது!

அந்த நடிகர் புரூனோ கிரெமேர். 1991 முதல் 2005 வரை 54 கதைகளில் மெக்ரேயாக நடித்தார். தொடங்கும்போதே அவருக்கு வயது 60க்கு மேல். வீடுதோறும் அறிந்த முகமாக அவர் ஆனது அதன் பிறகுதான்.

இதைச் சொன்னதும் என் அறை நண்பர், “பார்த்தாயா? பொறுத்தார் பூமி ஆள்வார்!” என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றே சொன்னார். எனக்கு வயது 23. என்னோடு படித்தவர்கள் சம்பளம் வாங்குகிறார்கள். நானோ ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவீட்டை நாற்பதாவது முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். “இன்னும் எத்தனை நாள், தம்பி?” என்று ஊரிலிருந்து அப்பா கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதில் வருவதில்லை.

ஆயினும் நண்பரின் ஆறுதலை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று சொல்லவே இக்கட்டுரை.

கிரெமேர் 1929இல் பிறந்தவர். பாரிசின் நாடகக் கல்லூரியில் அவரோடு பயின்றவர்களில் ஒருவர் ழான்-போல் பெல்மொந்தோ. 1960இல் ஒரே படத்தால் பெல்மொந்தோ உலகப் புகழ் பெற்றார். கிரெமேர் அப்போது மேடையில் இருந்தார். 1959இல் ழான் அனூயியின் ‘பெக்கெட்’ நாடகம் முதன்முதலாக அரங்கேறியபோது பெக்கெட்டாக நின்றவர் அவரே. 1964இல் அது ஆங்கிலத்தில் திரைப்படமானது. அதில் அந்த வேடம் ரிச்சர்ட் பர்ட்டனுக்குப் போயிற்று. இன்று பெக்கெட் என்றால் உலகம் நினைப்பது பர்ட்டனைத்தான்.

1977இல் ஹாலிவுட்டும் அழைத்தது. வில்லியம் ஃபிரீட்கின் எடுத்த ‘சோர்ஸரர்’ படத்தில், வெடிமருந்து ஏற்றிய லாரியைக் காட்டு வழியே ஓட்டிச் செல்லும் நால்வருள் ஒருவராக நடித்தார். படம் வசூலில் வீழ்ந்தது. சில வாரங்கள் முன்னர் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் பக்கமே கூட்டம் சாய்ந்துவிட்டது.

இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்த்தால், 1991 வரை அவர் வாயிற்படியில் காத்து நின்றார் என்றே தோன்றும். ஆனால் 1965இல் வந்த ‘317ஆம் படைப்பிரிவு’ படத்தைப் பாருங்கள். பியேர் ஷோண்டோர்ஃபெர் கம்போடியாவில் எடுத்த படம் அது. 1954, பிரான்சு இந்தோசீனாவில் தோற்றுக்கொண்டிருந்த நேரம். ஒரு சிறு படை காட்டின் வழியே பின்வாங்குகிறது. தலைவன் அனுபவமற்ற இளைஞன். அவனுக்குக் கீழே, போர்களில் பழுத்த வில்ஸ்டார்ஃப். அந்த வில்ஸ்டார்ஃபாகக் கிரெமேர் நடக்கிறார், சுமக்கிறார், அவசியமானதை மட்டும் பேசுகிறார். அங்கே எதுவும் குறையவில்லை. மெக்ரே ஒருகாலும் வராமலே போயிருந்தாலும் வில்ஸ்டார்ஃப் முழுமையானவன்தானே? பிறகு வரப்போகும் புகழுக்கு அவன் முன்பணமா?

நண்பரின் பழமொழியில் நான் காணும் குறை இதுதான். பூமி ஆள்வதற்காகவே பொறுக்க வேண்டும் என்கிறது அது. பொறுத்தவர் எல்லாருக்கும் பூமி கிடைப்பதில்லை. கிரெமேரைப்போல் உழைத்து, 60 வயதில் ஒரு மெக்ரே வாய்க்காத நடிகர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வாழ்வெல்லாம் வீணா?

“தொலைக்காட்சி அவரை விழுங்கிவிட்டது; பதினான்கு ஆண்டுகள் ஒரே மேலங்கி” என்று சிலர் சொல்லலாம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அதே காலத்தில், 2000இல், ஃபிரான்சுவா ஓசோனின் ‘மணலுக்கு அடியில்’ வந்தது. கடற்கரையில் திடீரென மறைந்துபோகும் கணவர் வேடம். திரையில் அவர் இருக்கும் நேரம் கொஞ்சம். ஆயினும் அவர் இல்லாமையே படம் முழுவதும் கனக்கிறது. அந்தக் கனம் ஒரு நாளில் வந்ததன்று.

2005இல் மெக்ரேயின் கடைசிக் கதை. நோயால் குரல் போய்விட்டது. வேறொருவர் குரல் கொடுக்க, கிரெமேர் உடலாலும் கண்களாலும் நடித்து முடித்தார். 2010இல் மறைந்தார். குரல் போன நடிகருக்கு அந்த ஒரு கதையால் புதிதாக என்ன புகழ் சேர்ந்திருக்கும்? கையில் எடுத்த வேலை, முடித்தார்.

அடுத்த முறை அப்பா கேட்டால், “தெரியவில்லை, அப்பா, ஆனால் இன்றைய வேலை நன்றாக நடந்தது” என்று சொல்லலாம் என்றிருக்கிறேன். அவருக்கு அது போதாது என்பதும் தெரியும். ஆனால் அது உண்மை.

நம் சங்கத்தின் அடுத்த படக்காட்சிக்குப் பெயர்கள் கேட்டிருக்கிறார்கள். என் வாக்கு ‘317ஆம் படைப்பிரிவு’க்கு. வந்து பாருங்கள்; பிறகு என்னோடு வாதிடுங்கள்.