தொண்டும் சட்டமும்

“நாங்கள் செய்வது தொண்டு, தொண்டுக்கு எதற்குச் சட்டம்?” என்னும் வினா நம் சமுதாய மேடைகளில் அடிக்கடி எழுகின்றது. முதியோர் இல்லம் நடத்துவோர் கேட்கின்றனர்; கூடியிருப்போர் கைதட்டுகின்றனர். கைதட்டுமுன் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம்.

நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ தங்கிப் பேணப்பெறும் இல்லம் சமூகநல இலாகாவில் பதிவுபெறல் வேண்டும் என்பது 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டம். தீயணைப்புத் துறை, சுகாதார இலாகா, ஊராட்சி மன்றம் ஆகியவற்றின் இசைவும் அதற்குத் தேவை. வாடகைக்கு எடுத்த குடியிருப்பு வீட்டை இல்லமாக்கியோர்க்கு இஃது எளிதன்று. செலவும் அலைச்சலும் மிகுதி. ஆகவே, பதிவின்றி இயங்கும் இல்லங்கள் பல என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும், “சட்டத்தைத் தளர்த்துக” என முழங்குவோர், அச்சட்டம் யார்பொருட்டு இயற்றப்பட்டது என்பதை மறந்துவிடுகின்றனர். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மூதாட்டி எந்த அலுவலகத்துக்கும் புகார் மனு எழுத மாட்டார்.

சரி, சட்டத்துக்கு இணங்கிவிட்ட இல்லத்தின் நிலைதான் யாது? சுவரில் தீயணைக்கும் கருவி தொங்குகின்றது. வெளிவாயிலின்மேல் விளக்கு எரிகின்றது. பதிவுச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துள் மின்னுகின்றது. நள்ளிரவில் அவ்வில்லத்தில் விழித்திருப்பவர் ஒரே ஒரு பெண் எனின், நடக்கவியலாத பத்துப் பேரை அவர் எங்ஙனம் வெளிக்கொணர்வார்? அசையவியலாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிடில் படுக்கைப்புண் வரும் என்பது செவிலியரின் பாலபாடம். பத்துப் பேரையும் புரட்டி, துடைத்து, துணி மாற்றி முடிப்பதற்குள் அடுத்த சுற்றுக்கு நேரம் வந்துவிடும். இடையில் ஒருவருக்குப் புரையேறினால் என் செய்வது? கட்டடத்துக்குரிய விதிகளை ஆணியடித்து நிறைவேற்றலாம். ஆளுக்குரிய விதியை ஆளின்றி நிறைவேற்றவியலாது.

தாளில் மட்டும் நிறைவேறும் சட்டத்தை ஆசிரியராகிய நாம் நன்கறிவோம். ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்குமாறு பணித்தது. கொட்டகை எழுந்தது, கரும்பலகையும் வந்தது. ஆசிரியர்? எழுத்தறிந்த கிராணியோ கங்காணியோ வந்து நின்ற தோட்டங்கள் பல. பெயருக்குப் பள்ளி, சட்டத்துக்கு நிறைவு. அக்குறை தீரப் பயிற்சியும், பயிற்சிக்கேற்ற ஊதியமும் வரவேண்டியிருந்தன. கற்பித்தல் அறம் என்று முன்னோர் சொன்னதற்காக நம்மில் எவரேனும் மாதச் சம்பளத்தை வேண்டாமென்றோமா?

முதியோரைப் பேணுவோர்க்கு மட்டும் புண்ணியத்தையே கூலியாகத் தர முனைகிறோம். 2025இல் நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அத்தொகையைக் கடையில் நின்றும் ஈட்டலாம். பிறர் உடலைத் தூக்கி முதுகொடிய வேண்டியதில்லை. பயின்ற செவிலியர்க்கோ சிங்கப்பூரும் சவூதியும் கூடுதலாகத் தருகின்றன. எஞ்சிய இடத்தை வெளிநாட்டுப் பெண்களைக் கொண்டு நிரப்புகின்றனர். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை, அவர்கள் இல்லையெனின் பல இல்லங்கள் நாளையே மூடப்படும். ஆனால் ஒன்று. மறதிநோய் முற்றினால் இடையில் கற்ற மொழி முதலில் மறையும். தாய்மொழியே எஞ்சி நிற்கும். பால்மரம் சீவிய நம் மூதாட்டி, அன்று சந்தையிற் பேசிய மலாயை மறந்து, வலிக்கும் இடத்தைத் தமிழில் சொல்வார். கேட்டுப் புரிந்துகொள்ள அங்கே யார் இருக்கின்றார்?

இவ்விடத்தில் நம் வகுப்பறைகளையும் கண்டித்தாக வேண்டும். “படிக்காவிட்டால் ஆயா வேலைக்குத்தான் போவாய்” என்று மாணவியை மிரட்டும் ஆசிரியர் இன்றும் உளர். ஒரு தொழிலை இழிவென்று கற்பித்துவிட்டு, அத்தொழிலுக்கு ஆள் இல்லையென்று வருந்துவது என்ன நேர்மை? பராமரிப்பைப் பயிற்சியும் சான்றிதழும் உடைய தொழிலாக மாணாக்கர்க்கு அறிமுகம் செய்வோம். இல்லங்களுக்கு நன்கொடை திரட்டும் கோயில்களும் சங்கங்களும் கூரைக்கும் கட்டிலுக்கும் மட்டுமன்றி, இரவுப் பணியாளர் ஒருவரின் ஓராண்டு ஊதியத்துக்கும் பொறுப்பேற்கட்டும். கூரையில் உபயக்காரர் பெயரைப் பொறிக்கலாம், ஊதியத்தில் பொறிக்கவியலாது என்பது உண்மைதான்! அரசும், பதிவைச் சோதிக்கும் கண்டிப்போடு, பணியாளர் ஊதியத்துக்கு மானியம் தரும் கடமையை ஏற்றல் வேண்டும். தண்டம் விதித்தலால் மட்டும் ஆள் பிறக்கமாட்டார்.

தீபாவளிக்கு முன் மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு இல்லங்களுக்குச் செல்வது நம் பள்ளிகளின் வழக்கம். அடுத்த முறை செல்லும் தலைமையாசிரியர்கள், பிஸ்கட் பெட்டிகளை இறக்கிய கையோடு, இரவில் எத்தனை பேர் பணியில் உள்ளனர் என்று நிருவாகியிடம் கேட்பாராக. விடை வரும்வரை நிழற்படத்துக்கு நிற்கவேண்டா.