பெம்புரோக் சீமாட்டி வெறும் கைமாறிய சொத்தா?

இடைக்கால ஐரோப்பாவில் பிரபு குலத்துப் பெண் வாரிசு என்றால் நிலத்தோடு சேர்த்துக் கட்டிக்கொடுக்கப்பட்டவள் என்றே பலரும் நம்புகிறார்கள். தகப்பன் கையிலிருந்து அரசன் கைக்கும், அங்கிருந்து கணவன் கைக்கும் மாறியதோடு அவள் கதை முடிந்துவிடுமாம். இந்தக் கதைக்கு அச்சில் வார்த்தாற்போலத் தோன்றுபவர் இசபெல் டி கிளேர். கதையைப் பொய்யாக்குபவரும் அவரேதான்.

தந்தை, 'ஸ்ட்ராங்போ' எனப் பேர்பெற்ற ஆங்கிலோ-நார்மன் பிரபு ரிச்சர்ட் டி கிளேர். தாய் ஈஃபா, அயர்லாந்தின் லின்ஸ்டர் மன்னர் டியர்மட்டின் மகள். 1176-ல் தந்தை இறந்தார். தம்பி கில்பர்ட்டும் பருவம் எய்தும் முன்பே போய்விட்டான். லின்ஸ்டர், வேல்ஸ் எல்லையில் செப்ஸ்டோ கோட்டை என அத்தனைக்கும் ஒரே வாரிசாக நின்ற சிறுமியை அரசர் தம் காவலில் வைத்துக்கொண்டார். 1189-ல் வில்லியம் மார்ஷலுக்கு மணம் முடித்தார்கள். மாப்பிள்ளைக்கு நாற்பதைத் தாண்டிய வயது. பெண்ணுக்குப் பதினேழு இருக்கலாம்.

அவர் சம்மதத்தை யாரும் பொருட்படுத்தவில்லை என்பது உண்மை. அரசரின் பொறுப்பில் இருந்த விதவைகளின், வாரிசுப் பிள்ளைகளின் வயதையும் நில வருமானத்தையும் கால்நடைக் கணக்கோடு எழுதிவைத்த 1185-ஆம் ஆண்டுப் பதிவேடு இன்றும் இருக்கிறது. அவர்களின் கல்யாணம் கருவூலத்துக்கு வரும்படி. இதை மறைத்து இசபெல்லை வீராங்கனையாக்க வேண்டியதில்லை. தாலி கட்டியதும் உரிமை கணவனுடையதாகிவிட்டது என்று அடுத்த வரியில் முடிப்பதுதான் பிழை.

அன்றைய சட்டப்படி நிலவுரிமை பிறந்த குலத்தைச் சேர்ந்தது. கணவன் அதை ஆண்டது மனைவியின் பெயரால்தான். மார்ஷல் நிலமில்லாத இளைய மகன்; 1199-ல் பெம்புரோக் பிரபு பட்டம் கிடைத்ததும் இசபெல்லின் தந்தைவழிப் பாத்தியதையால்தான்.

இதை மார்ஷலைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. 1207-ல் ஜான் மன்னர் அவரை அயர்லாந்திலிருந்து திரும்ப அழைத்தார். போகுமுன் கில்கென்னி கோட்டையில் லின்ஸ்டரின் குறுநிலப் பிரபுக்களைக் கூட்டி, கர்ப்பிணியாக இருந்த மனைவியைக் கைப்பிடித்து அவர்கள் முன் நிறுத்தினார். உங்கள் தகப்பன்மாருக்கு நிலம் கொடுத்தவரின் மகள் இவர், பிறப்பாலேயே உங்கள் தலைவி, இவர் வழியாக அல்லாமல் எனக்கு இங்கே எதுவுமில்லை என்ற பொருளில் பேசினார். அவர் கிளம்பியதும் அரசப் பிரதிநிதி மெய்லரின் ஆட்கள் தாக்குதலில் இறங்கினார்கள். முற்றுகைக்குள்ளான இசபெல், கோட்டை மதில்மேலிருந்து ஓர் ஆளை வெளியே இறக்கி, தளபதிக்குச் செய்தி அனுப்பினார். இங்கிலாந்தில் ஜான் மன்னரோ, உன் ஆட்கள் செத்துவிட்டார்கள் என்று மார்ஷலிடம் புளுகிக்கொண்டிருந்தார். கடல் கடந்து வந்த நிஜச் செய்தி வேறு: தோற்றுப் பிடிபட்டவர் மெய்லர், தம் மகனைப் பிணையாகக் கொடுத்திருந்தார்.

இவற்றைச் சொல்வது, மார்ஷலின் புகழ்பாட அவருடைய மகன் எழுதுவித்த, 19,000 வரிகளுக்கு மேற்பட்ட பிரெஞ்சுக் காவியம். கணவனைத் துதிக்க எழுந்த நூலே மறைக்காத உண்மையைப் பிற்காலத்தார் விட்டுவிட்டு, 'மாபெரும் வீரர்' தம் வாளால் மட்டுமே உயர்ந்தார் என்று எழுதுவது என்ன நியாயம்?

1219-ல் மார்ஷல் இறந்தார். லின்ஸ்டர் உடனே மூத்த மகனுக்குப் போகவில்லை; உரியவர் தாய். 1220-ல் இசபெல் இறந்து டின்டர்ன் மடாலயத்தில் அடக்கமான பிறகுதான் அது மகனுக்கு வந்தது.

இன்னொரு பொய்யும் உலவுகிறது: 1245-ல் மார்ஷல் வம்சம் அற்றுப்போனதாம். ஐந்து மகன்களும் ஒருவர்பின் ஒருவராகப் பட்டத்துக்கு வந்து, பிள்ளையில்லாமல் மாண்டது மெய்தான். ஐந்து மகள்கள் எங்கே போனார்கள்? லின்ஸ்டரே அவர்களின் கிளைகளுக்கு ஐந்து கூறாகப் பிரிந்தது: கார்லோ, வெக்ஸ்ஃபோர்ட், கில்கென்னி, கில்டேர், டனமேஸ். ஸ்காட்லாந்தின் சுதந்திரப் போரை நடத்திய ராபர்ட் புரூஸ் மன்னர், இரண்டாம் மகள் இசபெல்லின் கொள்ளுப்பேரன். மூத்த மகள் மாட் தன் சாசனங்களில் இங்கிலாந்தின் மார்ஷல் என்றே தன்னைக் குறித்துக்கொண்டார். அந்தப் பதவி அவர் வழியாகத்தான் மகன் ரோஜர் பிகாடுக்குப் போனது. அற்றுப்போனது ஆண்வழிக் குடும்பப் பெயர் மட்டும். அதையே வம்சம் என்று வரைகிறவர்களின் வரைபடத்தில்தான் இசபெல் ஒரு கோடாகச் சுருங்கிக் கிடக்கிறார்.