புருவமும் கேட்கணும்

கிள்ளானில் இருக்கும் என் அண்ணன் மகளுக்குப் பிறவியிலேயே காது கேளாது. பள்ளியில் மலேசிய சைகை மொழி படித்தாள். 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதைக் காது கேளாதோரின் அதிகாரப்பூர்வ மொழியாக ஏற்றிருக்கிறது. வீட்டிலோ எல்லாரும் தமிழ். தீபாவளிக்குக் கூடி உட்கார்ந்து சிரிக்கும்போது, எதற்குச் சிரிக்கிறோம் என்று அவளுக்கு யார் சொல்வது?

அதற்காகத்தான் பிரிக்ஃபீல்ட்ஸ் ஒய்.எம்.சி.ஏ. வகுப்பில் சேர்ந்தேன். எங்கள் ஆசிரியருக்கும் காது கேளாது. ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் இருப்பது நம்மவர்களுக்குப் பெரிய தவம்தான்!

கை சுலபம். ஆங்கில எழுத்துகளை, பெரும்பாலும் அமெரிக்கர்களைப் போலவே, ஒரே கையால் காட்டிவிடலாம். இந்தியாவில் இரண்டு கை வேண்டும். அங்கத்திய வீடியோ பார்த்துப் பழக நினைப்பவர்கள் கவனிக்க. கஷ்டம் முகத்தில்தான். 'பெயர் என்ன?' என்று கை கேட்டால் புருவமும் சேர்ந்து கேட்கணும்.

போன ஞாயிறு அவளிடம் "சாப்பிட்டாயா?" என்று சைகையில் கேட்டேன். 'தோசை' என்று ஒவ்வோர் எழுத்தாக, எனக்காக மெதுவாகக் காட்டினாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மா, "அது என்னடா, எனக்கும் காட்டு" என்றார்.