ஒரு நாள் சுற்றுலாவும் இரண்டாவது முறை காணாமல் ஆக்கப்படுதலும்

ஆர்ஜென்டீனாவின் தலைநகரான புவனோஸ் அயர்ஸை ஒரே நாளில் முழுமையாகக் காட்டித் தருவதாக விளம்பரம் செய்யும் சுற்றுலா நிறுவனங்களுக்குக் குறைவில்லை. அவ்வாறான ஒரு நிறுவனத்தின் பஸ்ஸில் ஏறி, காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணிவரை அந்த நகரைச் சுற்றிவந்த அனுபவம் எனக்கும் உண்டு. அதன் பின்னர் நான் வந்தடைந்த முடிவை நேரடியாகவே கூறிவிடுகிறேன். இத்தகைய சுற்றுலாக்கள் நகரத்தைக் காட்டுவதில்லை, இன்முகத்துடன் மறைக்கின்றன.

காட்டியவற்றில் குறைசொல்ல எதுவுமில்லை. 1936ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட 67.5 மீற்றர் உயரமான ஒபெலிஸ்க் தூபி, 1908இல் திறக்கப்பட்ட கோலோன் இசையரங்கு, வர்ணம் பூசிய தகரச் சுவர்களுடன் கூடிய லா போக்கா குடியிருப்புகள் எல்லாமே கண்ணுக்கு விருந்துதான். ரெக்கோலெட்டா மயானத்தில் ஏவா பெரோனின் கல்லறைக்கு முன்னால் எமது வழிகாட்டி இருபது நிமிடங்கள் பேசினார். அந்த அம்மையாரின் சடலத்தை 1955இல் இராணுவத்தினர் எடுத்துச்சென்றதையும், இத்தாலியின் மிலான் நகரில் வேறொரு பெயரில் புதைத்து வைத்ததையும், 1971இலேயே அது கணவரிடம் ஒப்படைக்கப்பட்டதையும் அவர் மிகவும் சுவையாக விபரித்தார். ஒரேயொரு சடலம் காணாமல்போன கதைக்கு இருபது நிமிடங்கள்!

ஆனால் அதே நாள் காலையில் நாம் மே சதுக்கத்தில் நின்றபோது, காலடியில் வெள்ளை நிறத்தில் வரையப்பட்டிருந்த தலைத்துணிச் சின்னங்களுக்கு அவர் ஒதுக்கியது ஒரு வாக்கியத்தை மாத்திரமே. “இது தாய்மாரின் சின்னம்” என்றார். பிறகு ஜனாதிபதி மாளிகையின் இளஞ்சிவப்புச் சுவர்களைப் படமெடுக்கப் பத்து நிமிடங்கள் தரப்பட்டன.

அந்தச் சின்னத்தின் வரலாறு என்ன? 1976 மார்ச் 24இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் 1983 டிசம்பர்வரை ஆர்ஜென்டீனாவை ஆண்டது. அக்காலத்தில் காணாமல் ஆக்கப்பட்டோர் 30,000 பேர் என்று மனித உரிமை அமைப்புகள் கூறுகின்றன. 1977 ஏப்ரல் 30இல் பதினான்கு பெண்கள் தங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்டு அந்தச் சதுக்கத்தில் கூடினர். கூட்டமாக நிற்கக்கூடாது, நடந்துகொண்டே இருங்கள் என்று பொலிஸார் கட்டளையிட்டனர். அவர்கள் கைகோத்து இருவர் இருவராகத் தூபியைச் சுற்றி நடக்கத் தொடங்கினர். பிள்ளைகளின் அணையாடைத் துணியையே அடையாளமாகத் தலையில் கட்டிக்கொண்டனர். அவர்களை முதலில் ஒன்றுதிரட்டிய அசுசேனா வில்லாஃப்ளோர் அதே ஆண்டு டிசம்பரில் கடத்தப்பட்டு, விமானத்திலிருந்து கடலில் வீசப்பட்டார். கரையொதுங்கிப் பெயரின்றிப் புதைக்கப்பட்ட அவரது எச்சங்கள் 2005இல்தான் அடையாளம் காணப்பட்டன. அவரது அஸ்தி புதைக்கப்பட்டிருப்பது அதே தூபியின் அடியில்! நாம் படமெடுத்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்து சில அடிகள் தள்ளி.

சதுக்கத்திலிருந்து லா போக்காவுக்கு பஸ் சென்ற பசெயோ கோலோன் வீதியில், நெடுஞ்சாலை மேம்பாலத்தின் கீழ் ஓர் அகழ்வுக் குழி இருக்கிறது. 1977இல் ‘கிளப் அட்லெட்டிக்கோ’ என்ற பெயரில் இயங்கிய இரகசிய சித்திரவதைக் கூடத்தின் நிலவறை அது. கட்டடத்தை இடித்து அதன்மேல் நெடுஞ்சாலை போட்டார்கள். 2002 முதல் மண்ணைத் தோண்டி அதை வெளிக்கொணர்ந்தார்கள். பஸ் அதைக் கடந்தபோது ஒலிபெருக்கியில் டாங்கோ இசை ஒலித்துக்கொண்டிருந்தது.

நகரின் வடபகுதியில் எஸ்மா எனப்படும் முன்னாள் கடற்படைப் பயிற்சிப் பாடசாலை இருக்கிறது. ஏறத்தாழ 5,000 பேர் அடைத்து வைக்கப்பட்டிருந்த இவ்விடத்தை 2023இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 1978 உலகக் கிண்ண உதைபந்தாட்ட இறுதிப்போட்டி நடைபெற்ற மைதானம் அதற்கு அண்மையிலேயே உள்ளது. மைதானத்தின் ஆரவாரம் தங்களுக்குக் கேட்டது என்று உயிர்தப்பிய கைதிகள் சாட்சியமளித்திருக்கிறார்கள். உதைபந்தாட்ட ரசிகர்களுக்காக மைதானத்தின் வெளியே நிறுத்தப்பட்ட எமது பஸ், எஸ்மாவின் பக்கம் திரும்பவே இல்லை. காரணம் கேட்டேன். நிகழ்ச்சிநிரலில் இல்லை என்பது பதில். அந்த இளம் வழிகாட்டியை நான் குற்றஞ்சாட்ட மாட்டேன். அவர் சம்பளத்துக்கு வேலைசெய்பவர். நிகழ்ச்சிநிரலைத் தயாரித்தவர்களும் அதைப் பணம் கொடுத்து வாங்கும் நாமுமே பொறுப்பாளிகள்.

விடுமுறையில் வருபவர்களிடம் சோகக்கதை சொல்ல முடியுமா, ஒரு நாளில் எல்லாவற்றையும் காட்ட நேரம் ஏது என்று சிலர் வாதிடுவர். நேரம் இருந்தது. தோல்பொருட்கள் விற்கும் கடையொன்றில் எம்மை முக்கால் மணிநேரம் இறக்கிவிட்டார்கள். இல்லாதது நேரம் அல்ல, விருப்பம்.

இது வெறும் ரசனைப் பிரச்சினையுமல்ல. 2023 ஜனாதிபதித் தேர்தல் விவாதத்தில், காணாமல் ஆக்கப்பட்டோர் 30,000 பேர் அல்லர், 8,753 பேரே என்று கூறிய ஹாவியர் மிலேய் அதே ஆண்டில் ஜனாதிபதியானார். தடுப்பில் பிறந்து, பெயர் மாற்றி வளர்க்கப்பட்ட பேரப்பிள்ளைகளைப் பாட்டிமார் இன்றும் தேடுகிறார்கள். 140ஆவது பேரப்பிள்ளை கண்டறியப்பட்டது 2025 ஜூலையில்தான். முடியாத ஒரு வழக்கின் சாட்சியங்கள் நகரெங்கும் கிடக்கும்போது, அவற்றைக் காட்டாமல் வெளிநாட்டவரைக் கூட்டிச்செல்வது மறுப்பவர்களுக்குச் செய்யும் இலவச உதவி. காணாமல் ஆக்கப்பட்டோர் இவ்வாறு இரண்டாவது முறையும் காணாமல் ஆக்கப்படுகிறார்கள்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் எமது தாய்மார் பிள்ளைகளின் படங்களை ஏந்தி வீதியோரத்தில் அமர்ந்தார்கள். அவர்களைத் தாண்டி யாழ்ப்பாணம் நோக்கி விரைந்த சுற்றுலா பஸ்களை நாம் எந்தக் கண்ணால் பார்த்தோம்? அதே பஸ்ஸில் புவனோஸ் அயர்ஸில் நாமே அமர்ந்திருக்கலாமா?

அங்கு செல்லும் தமிழ் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு வியாழக்கிழமையைத் தெரிவுசெய்யுங்கள். பிற்பகல் மூன்றரை மணிக்கு மே சதுக்கத்துக்குத் தனியாகச் செல்லுங்கள். தாய்மாரின் அந்த நடை இன்றும் நிற்கவில்லை. எஞ்சியிருக்கும் அந்த முதியவர்களுடன் ஒரு சுற்றாவது நடந்துவிட்டு வாருங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.