யாருடைய பாதுகாப்புக்கு யாருடைய கால்கள்?

கடந்த மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில், ஐரோப்பிய நாடுகள் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தை விட்டு வெளியேறுவதைப் பற்றிப் பேச எடுத்தோம். ஒரு மாணவர் நேராகவே கேட்டார்: "அக்கா, சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு நாம கலெக்டர் ஆபீசுக்கு நடையா நடந்துட்டு இருக்கோம். பின்லாந்து கண்ணிவெடி வச்சா நமக்கென்ன, வைக்காட்டி நமக்கென்ன?"

நியாயமான கேள்வி. அன்று முழுமையாகப் பதில் சொல்ல நேரமில்லை. இங்கே சொல்கிறோம்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். 1997இல் கையெழுத்தாகி 1999 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது ஒட்டாவா ஒப்பந்தம். மனிதர்களைக் குறிவைக்கும் கண்ணிவெடிகளைப் பயன்படுத்தக்கூடாது, தயாரிக்கக்கூடாது, சேமித்து வைக்கக்கூடாது, கைமாற்றக்கூடாது என்பது அதன் சாரம். 160க்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றன. 5 கோடிக்கும் அதிகமான கண்ணிவெடிகள் கிடங்குகளிலேயே அழிக்கப்பட்டன. இந்த ஒப்பந்தத்திலிருந்துதான் லித்துவேனியா, லாட்வியா, எஸ்டோனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகளும் 2025இல் விலகுவதாக அறிவித்தன. முதல் மூன்று நாடுகளின் விலகல் 2025 டிசம்பர் 27 அன்று நடைமுறைக்கு வந்தது. பின்லாந்தும் போலந்தும் அடுத்தடுத்து வெளியேறின. கொத்துக்குண்டுத் தடை ஒப்பந்தத்தை லித்துவேனியா அதற்கு முன்பே கைவிட்டிருந்தது.

இவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: பாதுகாப்பு.

இந்தச் சொல்லை நாம் நிறுத்தி விசாரிக்க வேண்டும். துப்பாக்கியைச் சுட ஒரு மனிதர் வேண்டும். சுடுவதா வேண்டாமா என்று அவர் ஒரு நொடியாவது யோசிக்க முடியும். கண்ணிவெடிக்கு அந்த ஒரு நொடியும் கிடையாது. மிதிப்பவர்தான் அதை வெடிக்க வைக்கிறார். அவர் ராணுவ வீரரா, ஆடு மேய்க்கும் சிறுவனா என்று அதற்குத் தெரியாது. போர் முடிந்துவிட்டது என்றும் தெரியாது. ஈழத்தில் இதை மிதிவெடி என்பார்கள். இதைவிடச் சரியான பெயர் கிடையாது.

யார் மிதிக்கிறார்கள்? கண்ணிவெடி வைக்க முடிவெடுப்பவர்கள் அந்த நிலத்தில் நடப்பதில்லை. விறகு பொறுக்கப் போகிறவர், மாடு ஓட்டிப் போகிறவர், அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்குகிறவர், போர் முடிந்து குடிசை போட இடம் தேடித் திரும்புகிறவர், பழைய இரும்பு பொறுக்கும் சிறுவர்கள், இவர்கள்தான் நடக்கிறார்கள். இந்த வழி ஆபத்து என்று தெரிந்தும் வேறு வழியில்லாததால் நடக்கிறார்கள். 2023இல் உலகெங்கும் கண்ணிவெடிகளாலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் 5,757 பேர் இறந்தோ காயமடைந்தோ உள்ளனர் என்று 'லேண்ட்மைன் மானிட்டர்' அறிக்கை பதிவு செய்தது. விவரம் தெரிந்தவர்களில் 84 சதவீதம் பேர் ராணுவத்தைச் சேராத மக்கள். அந்த ஆண்டு அதிகம் பாதிக்கப்பட்ட நாடு மியான்மர், 1,003 பேர். பதிவாகாதவர்கள் இதில் சேர மாட்டார்கள்.

இங்கே எதிர்வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பின்லாந்துக்கும் ரஷ்யாவுக்கும் இடையே எல்லை மட்டும் 1,300 கிலோமீட்டருக்கு மேல். 2022இல் உக்ரைனுக்குள் நுழைந்த ரஷ்யா இந்த ஒப்பந்தத்தில் என்றுமே சேர்ந்ததில்லை. உக்ரைனின் வயல்களில் கண்ணிவெடிகளை விதைத்திருக்கிறது. "எதிரி வைத்திருக்கும் ஆயுதத்தை நாங்கள் மட்டும் ஏன் கைவிட வேண்டும்?" என்று அந்த நாடுகள் கேட்கின்றன. அந்தப் பயம் உண்மையானது. பெரிய நாட்டின் பக்கத்தில் வாழும் சிறிய நாட்டின் அச்சத்தை இங்கே உட்கார்ந்துகொண்டு ஏளனம் செய்வது நம் வேலை அல்ல.

ஆனால் பயம் உண்மை என்பதால் தீர்வும் சரி என்றாகிவிடாது. ஒட்டாவா ஒப்பந்தம் டாங்கிகளை நிறுத்தும் கண்ணிவெடிகளைத் தடை செய்யவே இல்லை. மனிதக் கால் பட்டால் வெடிப்பதை மட்டும்தான் தடை செய்கிறது. 1940க்குப் பிந்தைய 26 போர்களை ஆராய்ந்து சர்வதேச செஞ்சிலுவைக் குழு 1996இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. இந்த ஆயுதத்தால் கிடைத்த ராணுவப் பயன் மிகக் குறைவு, மனிதர்கள் கொடுத்த விலை மிக அதிகம் என்பதே அதன் முடிவு. ரஷ்யாவோடு நில எல்லை கொண்ட நார்வே இன்றும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அப்படியானால் வெளியேறுவது ஒன்றே வழி என்ற பேச்சு எப்படிச் சரியாகும்?

இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. இந்த ஒப்பந்தம் யாருக்காக எழுதப்பட்டது? இது வல்லரசுகள் மனமிரங்கித் தந்த தானம் அல்ல. 1992இல் ஆறு அமைப்புகள் சேர்ந்து தொடங்கிய இயக்கம் உலகெங்கும் பரவி, ஐந்தே ஆண்டுகளில் அரசுகளைக் கையெழுத்திட வைத்தது. 1997இல் அந்த இயக்கத்துக்கும் அதன் ஒருங்கிணைப்பாளர் ஜோடி வில்லியம்ஸுக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. இயக்கத்தின் சார்பில் அதைப் பெற்றுக்கொண்டவர் துன் சன்னரெத். கண்ணிவெடியில் இரண்டு கால்களையும் இழந்த கம்போடியர். பாதிக்கப்பட்டவர்களே சட்டம் எழுத வைத்த வரலாறு இது.

சட்டத்தின் துணையோடு மட்டுமே தலைநிமிர முடிந்த நமக்கு இந்த இடம் நன்றாகப் புரிய வேண்டும். அமைதியான காலத்தில் எல்லோரும் உரிமைகளை ஏற்றுக்கொள்வார்கள். நெருக்கடி வரும்போது முதலில் கை வைப்பது எளியவர்களைக் காக்கும் பிரிவில்தான். 2018 மார்ச்சில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நீர்த்துப்போகச் செய்தபோது, ஏப்ரல் 2 அன்று நாடு முழுக்கத் தெருவில் இறங்கியதால்தான் அதை மீட்டோம். போருக்கென்றே எழுதிய சட்டத்தைப் போர் பயம் வந்ததும் கைவிடலாம் என்றால், அந்தச் சட்டம் எதற்கு? ஆயுத மோதலில் இருக்கும் நாட்டின் விலகல் அந்த மோதல் முடியும்வரை நடைமுறைக்கு வராது என்று ஒப்பந்தத்தின் 20ஆவது பிரிவு சொல்கிறது. அதை எழுதியவர்கள் இந்த நாளை எதிர்பார்த்தே எழுதினார்கள்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். இந்தியா இந்த ஒப்பந்தத்தில் இல்லை. அமெரிக்கா, சீனா, பாகிஸ்தானும் இல்லை. ஐ.நா. பொதுச்சபையில் இது பற்றிய தீர்மானம் வரும்போதெல்லாம் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கி நிற்கிறது. 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு 'ஆபரேஷன் பராக்ரம்' நடந்தது. பஞ்சாப், ராஜஸ்தான், ஜம்மு எல்லைகளில் பயிர் விளையும் நிலங்கள் உட்பட ஏராளமான கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. போர் நடக்கவே இல்லை. ஆனால் அவற்றைப் புதைத்தபோதும் எடுத்தபோதும் ராணுவ வீரர்கள் செத்தார்கள். எல்லையோர கிராம மக்கள் கால்களை இழந்தார்கள். நிலத்தில் இறங்க முடியாத காலத்துக்கு நில உரிமையாளர் பட்டாவைக் காட்டி இழப்பீடு கேட்கலாம். அதே நிலத்தில் கூலிக்கு இறங்கியவர் எதைக் காட்டிக் கேட்பார்?

பாதுகாப்புக் கொள்கை நமக்கு எட்டாத துறை என்று நினைக்க வேண்டாம். 1951 அக்டோபரில் அமைச்சரவையிலிருந்து விலகியபோது அண்ணல் அம்பேத்கர் வெளியிட்ட அறிக்கையைத் தேடிப் படியுங்கள். பட்டியல் சாதியினரின் நிலையையும் இந்துச் சட்டத் தொகுப்பையும் பேசிய அதே அறிக்கையில், வெளியுறவுக் கொள்கையைத் தனியாக எடுத்துப் பேசினார். ஆண்டு வருவாய் 350 கோடியில் ஏறக்குறைய 180 கோடி ராணுவத்துக்கே போவதைக் கணக்கோடு கேட்டார். அந்தக் கேள்வியை நாம் வேறு யாரிடமும் ஒப்படைக்கத் தேவையில்லை.

கடைசியாக வன்னி. ராணுவமும் புலிகளும் புதைத்த மிதிவெடிகளை இன்றும் அங்கே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. முகமாலை போன்ற இடங்களில் வெயிலில் முகக்கவசம் அணிந்து, முழந்தாளிட்டு, மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறி எடுப்பவர்களில் பெண்கள் பலர். போரில் கணவரை இழந்து, குடும்பத்தைத் தனியாகத் தாங்குகிறவர்களும் அவர்களில் உண்டு. 2009 மே மாதத்தோடு போர் முடிந்தது என்று உலகம் எழுதிவைத்துவிட்டது. அந்தப் பெண்களுக்கு இன்னும் முடியவில்லை. பின்லாந்தின் காட்டில் நாளை ஒருவேளை புதைக்கப்படும் வெடியையும் யாரோ ஒருவர் இப்படித்தான் முழந்தாளிட்டு எடுக்க வேண்டியிருக்கும்.

தம்பி, உன் கேள்விக்குப் பதில் இதுதான். நாம் மனு கொடுப்பது எதற்கு? நம் சனம் பயமில்லாமல் நடந்துபோக ஒரு பாதைக்கு. வன்னிப் பெண்கள் மண்ணைக் கிளறுவதும் அதற்காகத்தான். அந்தப் பாதையை மறிக்கிறவர்கள் எந்த நாட்டிலும் நடக்கிறவர்களைக் கேட்டு மறிப்பதில்லை.

அதனால் சமூகவியல், அரசியல் அறிவியல் படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'தேசப் பாதுகாப்பு' என்று வகுப்பில் வரும்போது குறிப்பெடுத்துவிட்டு நகராதீர்கள். யாருடைய பாதுகாப்பு, யார் முடிவெடுத்தார்கள், யார் மிதிக்கப்போகிறார்கள் என்று கேளுங்கள். ஐ.நா.வில் இந்தியா ஏன் ஒதுங்கி நிற்கிறது என்று உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சுடுகாட்டுப் பாதைக்கான மனுவை எழுதிய அதே கையால் இதையும் எழுதலாம்.