கடலுக்குத் தப்ப முடியாத ஆறு

போட் கீ பக்கம் நடக்கும்போது சிங்கப்பூர் ஆறு நாறுகிறதா? இல்லை. 1970களில் அதே இடத்தில் நின்ற ஒரு தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள், இப்போதும் மூக்கைச் சுளிப்பார்.

இந்த ஆற்றின் முகத்துவாரத்துக்கு ஒரு கதை உண்டு. 'செஜாரா மெலாயு' சொல்லும் பலசாலி பாடாங், அரண்மனை முன் கிடந்த பெரும்பாறையைத் தூக்கி ஆற்றுவாய்க்கே வீசினானாம். அவனிடம் தோற்றவன் கலிங்க நாட்டு மல்லன். நமக்குக் கொஞ்சம் சங்கடம்தான்! முகத்துவாரத்தில் எழுத்துப் பொறித்த பாறை ஒன்று உண்மையிலேயே இருந்தது. 1843இல் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதிலுள்ள எழுத்தை இன்றுவரை யாரும் உறுதியாகப் படிக்கவில்லை.

பாறை போனபின் ஆற்றின் முறை வந்தது. தெருக்கடைக் கழிவு, வீட்டுக் கழிவு, சரக்குத் தோணிகளின் எண்ணெய் எல்லாம் அதில் கலந்தன. அழுகும் பொருளைத் தின்னும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பிறகு ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் பெருகி, ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். மீன் எப்படிப் பிழைக்கும்?

1977இல் பிரதமர் லீ குவான் யூ பத்தாண்டு கெடு வைத்தார். கடைக்காரர்கள் இடம் மாறினார்கள். 1983இல் தோணிகள் பாசிர் பாஞ்சாங் சென்றன. 1987இல் வேலை முடிந்தது.

முடிந்ததா? நான் அப்படி நினைக்கவில்லை. அன்று கடலின் ஏற்ற இறக்கம் ஆற்றை ஓரளவு அலசிவிட்டது. 2008இல் மரினா அணைக்கட்டு வந்தபின் அந்த அலசல் இல்லை. ஆறு இப்போது மரினா நீர்த்தேக்கத்தின் பகுதி, அதாவது நம் குடிநீர். தீவின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழை, சாலையோர வடிகால்கள் வழியே அங்கேதான் சேர்கிறது. நீங்கள் வடிகாலில் போட்ட 'பபிள் டீ' குவளையும் அதே வழியில்தான் புறப்படும். பொறி வைத்து, படகில் சென்று குப்பையை அள்ளுகிறார்கள். கரைந்துபோன சர்க்கரையையும் சோப்பையும் எந்த வலையால் அள்ளுவது?

அன்று ஆற்றில் கழிவு விட்டவர்களில் பலர் வீட்டில் கழிவுநீர்க் குழாயே இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பத்தடிக்கு ஒரு குப்பைத்தொட்டி இருந்தும் வடிகாலைத் தேடும் நம்மைப் பற்றித்தான் கேள்வி. அடுத்த மழையில் உங்கள் புளோக்கின் கீழே போய் வடிகாலைப் பாருங்கள். என்னென்ன மிதந்து போகிறது என்று எண்ணுங்கள்.